தரை முழித்திருந்த வகுப்பு

பூமி ஆடுகிறது என்று எங்கள் பிள்ளைகள் முதன்முதலில் சொன்னபோது பெரியவர்கள் எல்லாரும் கைதட்டினார்கள். நானும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். நான் கைதட்டவில்லை. அதற்குக் காரணம் என் ஞானம் ஒன்றுமில்லை; இரண்டு கையிலும் பிள்ளைகளின் தண்ணீர் பாட்டில்கள் இருந்தன.

கல்கத்தாவின் கிடர்பூரில் துறைமுகச் சுவரை ஒட்டிப் போகும் சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் அந்தப் பழைய மாடி வீடு. கீழே பூட்டிக் கிடந்த கிடங்கு, மேலே நர்சரிப் பள்ளி. மூன்றரை வயதிலிருந்து ஆறு வயது வரைக்கும் பிள்ளைகள். காலையில் முதல் வகுப்பு குர்ஆன் ஓதுவது, அதற்குப் பிறகுதான் ஏ பி சி டி. வீடும் பள்ளியும் ஒரே அம்மாளுக்குச் சொந்தம். எல்லாரும் அவரை மேடம் என்றுதான் கூப்பிட்டார்கள். வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த காலி மனையும் அவருடையதாகத்தான் இருந்தது; நான் போய்ச் சேருவதற்குச் சற்று முன்னால்தான் அதைக் கட்டடம் கட்டி விற்கிற ஒரு புரொமோட்டருக்கு விற்றிருந்தார்.

என் வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் கன்டெய்னர்களைக் கஸ்டம்ஸிலிருந்து விடுவிக்கிற வேலை. அவரோடு ராமநாதபுரம் பக்கத்திலிருந்து சென்னைக்கும், சென்னையிலிருந்து இங்கேயும் வந்து சேர்ந்தவள் நான். சென்னையில் சில வருஷம் மழலையர் பள்ளியில் பாடம் நடத்தியிருக்கிறேன். இங்கே மகளைச் சேர்க்கப் போன அன்றே படிக்கட்டில் ஓதும் சத்தம் கேட்டது. சத்தம் என்றுதான் சொல்ல வேண்டும். நீளமான அறையில் பிள்ளைகள் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு ஒரே குரலில் கத்திக்கொண்டிருந்தார்கள். ஓதிக்கொடுக்கும் ஹாபிஸ் ஒரு வரி சொல்லுவார், அவர்கள் திருப்பிச் சொல்லுவார்கள், மர ஸ்கேல் தரையில் டப்பென்று விழும், அடுத்த வரி. யார் ஓதுகிறார்கள், யார் வாயை மட்டும் அசைக்கிறார்கள் என்பது அல்லாஹ்வுக்கு மட்டும்தான் தெரியும். என் வாய் சும்மா இருக்கிற வாய் இல்லை. மேடத்திடம் அப்படியே சொல்லிவிட்டேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அடுத்த சந்தில் ஏசி போட்ட புதுப் பள்ளி ஒன்று வந்திருந்தது. அந்தக் கவலையில் இருந்தார்.

"அங்க குர்ஆன் கிளாஸ்ல குவாலிட்டி இருக்காம். எல்லாரும் அதையே சொல்றாங்க. நமக்கும் குவாலிட்டி வேணும். நீங்களே வந்து பண்ணிக் குடுங்களேன்" என்றார்.

குவாலிட்டி என்பதை அவர் ஏதோ பெயின்ட் மாதிரிச் சொன்னார், இரண்டு கோட் அடித்தால் வந்துவிடும் என்பதுபோல. இங்கே பேச்செல்லாம் உருது கலந்த ஹிந்தி. என் காதில் அது எப்போதும் தமிழாகத்தான் விழும், அதனால் தமிழாகவே எழுதுகிறேன்.

நான் சேர்ந்த வாரத்திலேயே ஸ்கேலைப் பிடுங்கி அலமாரிக்கு மேலே போட்டேன். ஹாபிஸ் பீகார்ப் பக்கத்து இளைஞர், இருபத்து மூன்று இருபத்து நான்கு வயது இருக்கும். குர்ஆன் முழுவதையும் மனப்பாடமாக வைத்திருந்தவர். ஒல்லியான உடம்பிலிருந்து அப்படி ஒரு குரல் எங்கிருந்து வருகிறது என்று இருக்கும். என்னை ஆபா என்று கூப்பிட்டார், அக்கா என்று அர்த்தம். ஸ்கேல் போனதில் அவருக்கும் நிம்மதிதான் என்று பிற்பாடு தெரிந்தது. தானும் அடி வாங்கி ஓதியவர், வேறு வழி தெரியாமல் அதையே கையில் எடுத்திருக்கிறார். கூட்டமாகக் கத்துவதை நிறுத்தினோம். சின்னச் சின்னக் குழுவாக உட்கார வைத்தோம். ஓதும்போது பொருளையும் கையசைவில் காட்டினோம். எல்லாவற்றையும்விட ஒன்றில் நான் பிடிவாதமாக இருந்தேன். ஒவ்வொரு பிள்ளையும் தினமும் தனியாக ஓத வேண்டும், நாம் வேறு வேலை பார்க்காமல் அதைக் கேட்க வேண்டும்.

"இத்தனை பிள்ளைங்களையும் தனித்தனியாவா ஆபா?" என்று ஹாபிஸ் திகைத்தார்.

"ஆமா. கேக்காம சொல்லிக்குடுக்கிறதுக்கு டேப் ரெக்கார்டர் போதுமே."

இரண்டு மூன்று மாதத்தில் வகுப்பு வேறு வகுப்பாக ஆகிவிட்டது. ஊமையோ என்று நான் பயந்த ஒரு பிள்ளை வாயைத் திறந்தது. மேடம் வாசலில் நின்று மொபைலில் வீடியோ எடுத்துப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட ஆரம்பித்தார்.

குர்ஆனின் அத்தியாயங்களான சூராக்களில் சின்னவற்றைக் கடைசியிலிருந்து பின்னோக்கி ஓதிக்கொடுப்பது வழக்கம். அந்த வரிசையில், இறுதி நாளில் பூமி அதிர்வதைச் சொல்லும் சூரா வந்தது. நாலு வயசுப் பிள்ளைகளுக்கு இப்போதே வேண்டுமா என்று யோசித்தேன். வரிசையை எப்படித் தாண்டுவது என்றார் ஹாபிஸ். சரி, பயமில்லாமல் சொல்லிக்கொடுப்போம் என்று ஒரு வழி செய்தேன். உள்ளங்கை இரண்டையும் தரையில் பதித்து மெதுவாக ஆட்ட வேண்டும். கடைசியில், மனிதர் செய்த துளி நன்மையும் வீண்போகாமல் கண்முன் வரும் என்ற இடத்தில், கையைத் திருப்பி விரித்துப் பார்த்துச் சிரிக்க வேண்டும்.

அன்றைக்கு ஜன்னல் ஓரக் குழுவில் ரெட்டைச் சடை போட்ட ஒரு பெண் பிள்ளை கையைப் பதித்துவிட்டு என்னைப் பார்த்தது.

"மிஸ், நான் ஆட்டவே இல்லை. அதுவா ஆடுது."

பக்கத்தில் இருந்த பிள்ளைகளும் ஆமாம் ஆமாம் என்றார்கள். வீடியோ எடுத்துக்கொண்டிருந்த மேடம் "சுப்ஹானல்லாஹ்" என்றார். பிள்ளைகளை விட வந்திருந்த தாய்மார்கள் கைதட்டினார்கள். ஒருத்தி அழுதே விட்டாள். அன்று மாலைக்குள் அந்த வீடியோ கிடர்பூர் முழுக்கச் சுற்றிவிட்டது. நாலு வயசில் இந்த அளவுக்கு உணர்ந்து ஓதுகிறார்களே, யார் அந்த மதராஸி டீச்சர் என்று கேட்டார்களாம்.

பக்கத்து மனையில் மண் தோண்டும் இயந்திரம் வந்து இறங்கியதும் அதே வாரம்தான்.

இதைச் சேர்த்துப் பார்க்க எனக்கே சில நாள் ஆனது. சேர்த்துப் பார்க்க வைத்தவள் என் மகள். ஒருநாள் மத்தியானம் வீட்டில் நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். அவள் ஹாலில் குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையில் ஒட்டி, இரண்டு கையையும் விரித்து வைத்திருந்தாள்.

"என்னம்மா பண்றே?"

"நம்ம வீட்டுத் தரை தூங்குது உம்மா."

"அப்படியா?"

"ஸ்கூல் தரை முழிச்சிருக்கு. அது தூங்கவே மாட்டேங்குது."

மீனை அப்படியே போட்டுவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பிள்ளைகள் கதை சொல்லுவார்கள், பொய்யும் சொல்லுவார்கள். ஆனால் கதை சொல்லும்போது நம் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்லுவார்கள், நாம் என்ன சொல்லப் போகிறோம் என்று. இவள் என்னைப் பார்க்கவே இல்லை. தட்டில் சோறு இருக்கிறது என்பதுபோலச் சொன்னாள்.

இரவு சாப்பிடும்போது வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

"கிடர்பூர்ல எதுதான் ஆடலே? ராவும் பகலும் லாரி. என் ஆபீஸ்ல டீ கிளாஸே நடந்து போவுது. நீ சொல்லிக்குடுத்ததை மனசுல வாங்கிக்கிட்டு பிள்ளை சொல்லுது. சந்தோசப்படுவியா, அதை விட்டுட்டு..."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. யாரிடம் போனாலும் பதில் தயாராக இருந்தது, அந்தப் பதிலை நானே தயாரித்துக் கொடுத்திருந்தேன்.

மறுநாள் சீக்கிரமே பள்ளிக்குப் போனேன். ஹாபிஸ் வழக்கம்போல எனக்கு முன்னால் வந்து குர்ஆன் வைக்கும் மடக்குப் பலகைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார். அறையைச் சுற்றிச் சிவப்பு சிமென்ட்டில் ஒரு பட்டை ஓடும். அந்தப் பட்டையை ஒட்டி நூல் பிடித்த மாதிரி பலகைகளை வைப்பது அவர் பழக்கம். வகுப்பு முடிந்து பார்த்தேன். ஜன்னல் பக்கத்துப் பலகைகள் பட்டையை விட்டு விலகியிருந்தன, எல்லாமே ஒரே திசையில்.

"பிள்ளைங்க காலை நீட்டித் தள்ளியிருக்கும்" என்றார் ஹாபிஸ். ஆனால் அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நான் வகுப்பு நடத்தினேன் என்று சொல்ல முடியாது. காது ஓதுவதில் இருக்கும், கண் சுவரில் இருக்கும். ஓதுவதற்கு முன் கை கால் கழுவி ஒளூ செய்யும் தண்ணீர்த் தொட்டி அறையின் கதவு மூட மறுத்தது. தச்சர் வந்து அடியைச் சீவிவிட்டுப் போனார், அடுத்த வாரம் மறுபடியும் மூட மறுத்தது. ஒரு பிள்ளையின் தஸ்பீஹ் மாலை அறுந்து மணிகள் சிதறின. மற்ற மணிகள் விழுந்த இடத்தில் நின்றன. ஜன்னல் பக்கம் விழுந்தவை மட்டும் நிற்காமல், அவசரமும் இல்லாமல், சுவரை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தன. பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டாகிவிட்டது. ஓய்வு நேரத்தில் கோலிக்குண்டை வைத்துக் கையை எடுப்பார்கள். அது தானாக நடக்கும். அவர்கள் கைதட்டுவார்கள். அந்தக் கைதட்டலைக் கேட்டாலே நான் ஓடிப்போய்க் குண்டைப் பொறுக்கி எடுப்பேன்.

ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். பக்கத்து மனை முழுக்கப் பள்ளம். இயந்திரம் எங்கள் சுவரின் ஓரம் வரைக்கும் வந்து தோண்டியிருந்தது. சுவருக்கு அடியில், மண்ணுக்குள் இருக்க வேண்டிய பழைய செங்கல் வரிசைகள் வெளியே தெரிந்தன, ஈறு இறங்கிய பல் மாதிரி. கீழே லாரியில் மண் ஏறிக்கொண்டிருந்தது.

நேரே மேடத்தின் அறைக்குப் போனேன். அவர் ஆண்டு விழாவுக்கு அழைப்பு அனுப்பிக்கொண்டிருந்தார். ஜூன் மாதம் பெற்றோர் எல்லாரையும் மாடிக்குக் கூப்பிட்டு, பிள்ளைகள் அந்த சூராவைக் கையசைவோடு ஓத வேண்டும் என்பது அவர் திட்டம்.

"மேடம், அந்த ரூம் வேண்டாம். பிள்ளைங்க சொல்றது நிசம். தரை ஆடுது. ஒரு இன்ஜினியரைக் கூப்பிட்டுக் காட்டுங்க."

"யாரு சொன்னா தரை ஆடுதுன்னு?"

"பிள்ளைங்கதான்."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். கெட்ட மனுஷி இல்லை அவர், அன்பாகத்தான் சிரித்தார்.

"நீங்க சொல்லிக்குடுத்தது பிள்ளைங்களைப் பிடிச்சுது, இப்ப உங்களையே பிடிச்சுக்கிச்சு. இது எங்க தாத்தா கட்டின வீடு. ஜப்பான்காரன் துறைமுகத்துல குண்டு போட்டப்பவே இது அசையலைன்னு வீட்ல சொல்லுவாங்க. போய் டீ குடிங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யாரும் பிள்ளைகளைப் பொய்யர்கள் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடச் சண்டை போட்டிருக்கலாம். எல்லாரும் அவர்களைப் புகழ்ந்தார்கள், கொஞ்சினார்கள், மாஷா அல்லாஹ் என்றார்கள். அவர்கள் சொன்னதை மட்டும் யாரும் காதில் வாங்கவில்லை.

அப்போதுதான் ஒன்று தோன்றியது. சூராவை மாற்றிப் பார்க்கலாம்.

மறுநாள் ஹாபிஸிடம், பிள்ளைகள் முதன்முதலில் கற்ற, அதிர்வுக்கும் பயத்துக்கும் சம்பந்தமே இல்லாத ஒரு சின்ன சூராவை ஓத வையுங்கள் என்றேன். எதற்கு என்று சொல்லவில்லை. கூட்டமாகவும் கேட்கவில்லை. ஒருவர் சொன்னால் எல்லாரும் அதையே சொல்லுவார்கள் என்று எந்த டீச்சருக்கும் தெரியும். ஒவ்வொரு பிள்ளையாக ஜன்னல் பக்கம் அழைத்து உட்கார வைத்து, கையைத் தரையில் வைத்துக்கொண்டே ஓதச் சொன்னேன். ஓதி முடித்ததும், கைக்கு என்ன தெரிந்தது என்று மட்டும் கேட்டேன்.

"ஆடுது" என்றது முதல் பிள்ளை.

"உர்ருன்னு இருக்கு. எங்க அப்பாவோட தையல் மெஷின் மாதிரி" என்றது இன்னொன்று.

"இப்ப நிக்குது... இப்ப மறுபடி."

ரெட்டைச் சடைப் பிள்ளை எழுந்து அறைக்கு நடுவே நடந்தது. ஒரு காலை முன்னும் பின்னும் வைத்துப் பார்த்தது, குளத்தில் இறங்கும் முன் தண்ணீர் குளிருமா என்று பார்ப்பதுபோல. பிறகு தரையில் விரலால் கோடு போட்டுக் காட்டியது.

"இந்தப் பக்கம் ஆடுது மிஸ். கதவுப் பக்கம் ஆடலை."

அடுத்துத் தனியாக வந்த பிள்ளையும் ஏறக்குறைய அதே இடத்தைத்தான் காட்டியது. என் மகளும் அதே இடத்தைத்தான் காட்டினாள்.

நான் ஹாபிஸைத் திரும்பிப் பார்த்தேன். அவர் குர்ஆனை மூடி முத்தமிட்டு உயரத்தில் வைத்துவிட்டு, என்னைத் தாழ்வாரத்துக்கு வரச் சொன்னார்.

"ஆபா, எனக்கும் ஆடுச்சு" என்றார்.

"எப்ப?"

"பிள்ளைங்க சொல்றதுக்கு முந்தியே. அந்த சூராவைச் சொல்லிக்குடுக்க ஆரம்பிச்ச நாள்லேருந்து. நான் ஓத ஓத எனக்குக் கீழே தரை நடுங்கும். நான்..." தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். "என் ஓதலை அல்லாஹ் ஏத்துக்கிட்டான்னு நினைச்சேன் ஆபா. யார்கிட்டயும் சொல்லலை. பெருமை வந்துடக் கூடாதுன்னு சொல்லலை. வீட்டுக்குப் போய் அழுதேன், சந்தோஷத்துல."

அவரை என்ன சொல்லித் திட்டுவது? மற்ற எல்லாரும் பிள்ளைகளின் பக்தி என்று நினைத்ததை இந்த மனிதர் தன் பக்தி என்று நினைத்து ஒளித்து வைத்திருந்தார். அழுக்கே இல்லாத மனசு. அதனாலேயே அவர் வெளியே சொல்லவில்லை, அத்தனை பிள்ளைகளும் இத்தனை நாள் அந்த ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள்.

இருவருமாகச் சேர்ந்து மேடத்திடம் போனோம். இந்த முறை அவர் சிரிக்கவில்லை. ஆண்டு விழா நெருங்கிவிட்டது, புதுச் சேர்க்கை வந்துகொண்டிருந்தது, வீடு விழும் என்று பேச்சு கிளம்பினால் பள்ளிக்கூடமே போய்விடும். அந்த ஏசி பள்ளிக்காரர்கள் எங்களுக்கு என்ன கொடுத்தார்கள் என்று கேட்டார். பிறகு, "அவ்வளவு பயமா இருந்தா உங்க கிளாஸை உங்க வீட்டுலயே வச்சுக்குங்க" என்றார்.

வைத்துக்கொண்டேன், ஹாபிஸும் என்னோடு வந்துவிட்டார். எங்கள் வாடகை வீடு அங்கிருந்து நடக்கிற தூரம்தான், இரண்டாவது மாடி. ஹாலில் இருந்த சோபாவைத் தூக்கிப் படுக்கையறையில் நிறுத்தினோம், வீட்டுக்காரர் முணுமுணுத்துக்கொண்டே ஒரு பக்கம் பிடித்தார். நானும் ஹாபிஸும் வீடு வீடாகப் போய்ப் பெற்றோரிடம் சொன்னோம். சிலர் பிள்ளைகளை எங்களிடம் அனுப்பினார்கள். நிறையப் பேர் அனுப்பவில்லை; அவர்களுக்கு அந்த மாடி அறையிலேயே மேடம் வகுப்பு நடத்தினார். ஏசி பள்ளி வேலைக்கு ஆசைப்பட்டு மேடத்துக்கு எதிராகப் புரளி கிளப்புகிறார்கள் என்று குழுவில் எழுதினார்கள். ரெட்டைச் சடைப் பிள்ளையின் அம்மா கதவைத் திறந்து, நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டு, "இன்ஷா அல்லாஹ் ஒண்ணும் ஆகாது" என்று சொல்லி மூடிக்கொண்டாள். வார்டு ஆபீஸிலும் போய்ச் சொன்னேன். யார் புகார் என்று கேட்டார்கள். பிள்ளைகள் என்று இந்த முறை சொல்லவில்லை, சுவரின் அடிச் செங்கல் தெரிகிறது என்றேன். ஆள் வந்து பார்ப்பார் என்றார்கள்.

மழை பிடித்துக்கொண்டது. கல்கத்தா மழை பெய்ய ஆரம்பித்தால் நிறுத்துகிற எண்ணமே இல்லாமல் பெய்யும். பக்கத்து மனைப் பள்ளம் குளமாகிவிட்டது என்று கேள்விப்பட்டேன். இயந்திரம் நின்றுவிட்டது, அதனால் இனிமேல் ஆடாது, பயமில்லை என்று மேடம் குழுவில் எழுதியிருந்தார். நான் தினமும் காலையில் குடை பிடித்துக்கொண்டு அந்தச் சந்துக்குப் போய், எதிரே நின்று, மாடி ஜன்னலைப் பார்த்துவிட்டு வருவேன். போகாமல் இருக்க முடியவில்லை.

அந்தக் காலையிலும் நின்றிருந்தேன். மேலே ஓதும் சத்தம் கேட்கவில்லை. மேடத்தின் குரல் மட்டும் கேட்டது, யாரையோ அதட்டிக்கொண்டிருந்தார். என்ன நடந்தது என்பதைப் பிறகு பிள்ளைகள் சொல்லித்தான் தெரிந்தது. ஜன்னல் பக்கம் போய் உட்கார மாட்டோம் என்று எல்லாரும் கதவுப் பக்கம் ஒட்டிக்கொண்டு நின்றிருக்கிறார்கள். முதலில் போக மாட்டேன் என்றது ரெட்டைச் சடை. தரை இன்றைக்கு ஆடவில்லை, வழுக்கிக்கொண்டு போகிறது என்று சொல்லியிருக்கிறது. மேடத்துக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. தன் நாற்காலியைத் தானே இழுத்துக்கொண்டு போய் ஜன்னல் ஓரத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"பாருங்க. நான் உக்காந்திருக்கேன் பாருங்க. ஒண்ணும் ஆகலை பாருங்க."

கீழே நின்ற எனக்கு முதலில் கேட்டது இடிச் சத்தம் இல்லை. கிழிகிற சத்தம். பழைய சேலையை இரண்டாகக் கிழிப்பதுபோல. பிறகு ஜன்னல், ஜன்னலோடு சுவர், சுவரோடு பாதி அறை, பக்கத்துப் பள்ளத்தின் பக்கமாகச் சாய்ந்து தண்ணீருக்குள் போனது. தூசு எழும்பி மழையிலேயே அடங்கியது. அது அடங்கியபோது மாடி அறை ஒரு பக்கம் திறந்த அலமாரி மாதிரி வெட்டவெளியாக நின்றது. மிச்சமிருந்த தரையில், கதவை ஒட்டி, பிள்ளைகள் அத்தனை பேரும் நின்றிருந்தார்கள். ஒருவரும் அழவில்லை. தரை முடிந்த இடம், அந்தப் பிள்ளை விரலால் கோடு போட்ட இடம்தான்.

படிக்கட்டு கதவுப் பக்கம் இருந்ததால் நின்றது. யார் யாரோ ஓடி வந்தார்கள், தள்ளுவண்டிக்காரர்கள்தான் முதலில் ஏறினார்கள். பிள்ளைகளைச் சுவரோடு ஒட்டி ஒவ்வொருவராக இறக்கினோம். நான் பெயர் சொல்லிச் சொல்லித் தொட்டுப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. பிறகு சேற்றிலேயே உட்கார்ந்து கத்தி அழுதேன்.

மேடத்தைப் பள்ளத்திலிருந்து எடுக்க வெகு நேரம் ஆனது. உயிர் இருந்தது. ஒரு காலை எடுக்க வேண்டி வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டார், விடவே இல்லை.

"அவங்க சொன்னாங்க" என்றார். "நான் உக்காந்து காட்டினா நம்பிடுவாங்கன்னு நினைச்சேன்."

அவர் மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் அங்கேயே கரைந்தது. புரொமோட்டர் மேலும் வார்டு ஆபீஸ் மேலும் இருந்தது மட்டும் கரையவில்லை, இன்றைக்கும் கரையவில்லை.

இதோடு ஜனங்களுக்குப் புத்தி வந்திருக்கும் என்று நினைப்பீர்கள். அந்தப் பழைய வீடியோ மறுபடியும் சுற்ற ஆரம்பித்தது. பச்சைப் பிள்ளைகள் ஓதியதில் கட்டடமே நடுங்கியது, ஓதிய பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று எழுதிப் போட்டார்கள். பிள்ளைகள் காப்பாற்றப்பட்டது அல்லாஹ்வின் கருணை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் கருணை என்ன வழியாக வந்தது? ஆடுகிறது ஆடுகிறது என்று மாதக்கணக்காகச் சொன்ன வாய்கள் வழியாகத்தானே. அதைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. எங்கள் ஹாலில் இடம் போதாமல் பிள்ளைகள் சேர்ந்தார்கள். வருகிற ஒவ்வொரு பெற்றோரும் முதலில் அந்த சூராவைத்தான் கேட்டார்கள். ஹாபிஸ் அதை ஓதிக்கொடுத்தார், ஆனால் உட்கார்வதற்கு முன் தன் கையைத் தரையில் வைத்துப் பார்ப்பார்.

மழைக்காலம் முடிந்து துர்கா பூஜைப் பந்தல்களும் பிரித்தாகிவிட்டது. எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையை இடித்து, தகரத் தட்டிகளால் சுற்றி அடைத்தார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. ஒருநாள் காலை வகுப்பு நடந்துகொண்டிருந்தது, நான் அடுப்பில் பால் வைத்திருந்தேன். மகள் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"உம்மா, நம்ம தரை முழிச்சிருச்சு."

நான் அவளை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அடுப்பை அணைத்தேன். ஹாலுக்கு வந்தால் ஹாபிஸ் ஏற்கனவே எழுந்து நின்றிருந்தார். பிள்ளைகளைச் செருப்புகூடப் போட விடாமல் இறக்கிக் கூட்டிப் போனோம். வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். இந்த முறை அவர் லாரி என்று சொல்லவில்லை. "வெளியே நில்லு, வர்றேன்" என்றார். அந்த வாரமே சாமான்களை எடுத்துக்கொண்டு அலிப்பூர்ப் பக்கம் ஒரு தரைத்தள வீட்டுக்கு மாறிவிட்டோம். வகுப்பும் கூடவே வந்தது.

அந்தக் கட்டடம் விழவில்லை. போன வாரம் அந்தப் பக்கம் போனேன். பின்னால் பள்ளம் இன்னும் ஆழமாகியிருந்தது. நாங்கள் இருந்த வீட்டில் வேறு குடும்பம் வந்திருந்தது, வெளியூர்க்காரர்கள். மாடி ஏறிப் போய்ப் பேசினேன். அந்தப் பெண் நான் சொன்னதை முழுக்கக் கேட்டாள். வீட்டுச் சொந்தக்காரர் நல்லவர், அப்படியெல்லாம் இருக்காது ஆபா என்றாள். டீ போட உள்ளே போனாள். ஹாலில் அவளுடைய பிள்ளை உட்கார்ந்திருந்தது, மூன்று வயது இருக்கும். ஒரு கோலிக்குண்டைத் தரையில் வைத்துக் கையை எடுத்தது. குண்டு மெதுவாகச் சுவரை நோக்கி நகர்ந்தது. பிள்ளை நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டுக் கைதட்டியது.